பத்து நாள் ஐஸ் தளம்: மெஷினுக்கு முன் தரையைப் பாருங்கள்

கேள்வி: கனடாவின் மார்க்கம் நகரில் சிறிய தமிழ்ச் சங்கம் ஒன்றை நடத்திவருகிறோம். ஜனவரி தமிழ் மரபுத் திங்கள் என்பதால், பொங்கல் விழாவோடு சேர்த்துப் பிள்ளைகளுக்குப் பத்து நாள் ஐஸ் ஸ்கேற்றிங் வைப்பதென்று செயற்குழுவில் முடிவாகியிருக்கிறது. மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் வாகனத் தரிப்பிடத்தைத் தர உரிமையாளர் சம்மதித்துவிட்டார். 15 மீற்றர் அகலம், 30 மீற்றர் நீளம் எடுக்கலாம். வாடகைக்கு விடும் நிறுவனம் பாய், குழாய், குளிரூட்டி எல்லாவற்றையும் கொண்டுவந்து பூட்டி, ஐஸ் உறையவைத்துக் கையில் தந்துவிட்டுப் போய்விடும். அதற்குப் பிறகு பராமரிப்பு எங்கள் பாடு.

செயற்குழுவில் பெரியவர்கள் சிலர், "இந்தக் குளிருக்கு மெஷின் என்னத்துக்கு? இரவில் தண்ணியை விட்டால் விடியக் கல்லாக இருக்கும்" என்கிறார்கள். இளையவர்கள், "எடுத்தால் பெரிய மெஷினாக எடுப்போம்" என்கிறார்கள். யார் சொல்வது சரி? நாளாந்தம் என்ன வேலை இருக்கும்? மழை வந்தால் என்ன செய்வது? ஐஸைச் சீர்செய்யும் ஸாம்போனி வண்டி இல்லாமல் சமாளிக்கலாமா? பிளாஸ்ரிக் தளம் மலிவு என்றும் ஒருவர் சொல்கிறார். அது சரிவருமா?

– செயற்குழு உறுப்பினர் ஒருவர், மார்க்கம்

பதில்: இரண்டு தரப்பும் குளிரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். தரையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. தற்காலிக ஐஸ் தளம் ஒன்று கெட்டுப்போனால் பெரும்பாலும் காரணம் இரண்டுதான்: தரை மட்டமாக இருக்காது, அல்லது இரவில் பார்க்க ஆள் இருக்காது. உங்கள் கடிதத்தில் இந்த இரண்டும் இல்லை என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் பெரியவர்களுக்கு. அவர்கள் சொல்வது முப்பது நாற்பது வருடத்துக்கு முந்திய குளிர்காலத்துக்குப் பொருந்தும். ஒட்டாவாவின் றீடோ கால்வாயில் 1971 தொடக்கம் ஒவ்வொரு மாரியும் மக்கள் சறுக்கிவந்தார்கள்; சறுக்குப் பாதையின் முழு நீளம் 7.8 கிலோமீற்றர். 2022-23 மாரியில் அது ஒரு நாள்கூடத் திறக்கப்படவில்லை. ஒட்டாவாவுக்கே அந்த நிலை. ரொறன்ரோப் பக்கம் ஜனவரியில் இரவு -7, -8 வந்தாலும் பகலில் வெப்பநிலை பூச்சியத்தைச் சுற்றித்தான் நிற்கும். இடையில் இரண்டு மூன்று நாள் இளகல் வந்து மழையும் கொட்டும். வீட்டு முற்றத்து ஐஸ் தளங்களை வைத்தே காலநிலை மாற்றத்தைக் கணக்கெடுக்க, ஒன்ராறியோவின் வில்பிரட் லோரியே பல்கலைக்கழகத்தார் 2013இல் 'றிங்க்வோட்ச்' என்ற திட்டத்தையே தொடங்கினார்கள். அவ்வளவுக்கு மாரிக் குளிர் ஆட்டம் கண்டிருக்கிறது. வீட்டுப் பிள்ளைகளுக்கு என்றால் உறையும் நாளில் சறுக்கலாம், உருகும் நாளில் உள்ளே இருக்கலாம். திகதி போட்டு, நுழைவுச்சீட்டு அடித்து, ஆட்களை அழைக்கும் விழாவுக்கு அது ஆகாது. மெஷின் வேண்டும்.

அடுத்தது இளையவர்களுக்கு. மெஷின் எவ்வளவு பெரிது என்பது இரண்டாவது கேள்வி. வாகனத் தரிப்பிடம் எதுவும் மட்டமாக இருக்காது. மழைநீர் வழிந்தோட வேண்டும் என்றே நூற்றுக்கு ஒன்று, இரண்டு வீதம் சரித்துத்தான் தார் போடுவார்கள். இரண்டு வீதம் என்றால், உங்கள் 15 மீற்றர் அகலத்துக்கு ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு 30 சென்ரிமீற்றர் இறக்கம். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். மட்டமான தரையில் 10 சென்ரிமீற்றர் ஐஸ் போட 45,000 லீற்றர் போதும். அதே அளவை அந்தச் சரிவில் போடுவதானால், மேட்டுக்கரையில் 10, பள்ளக்கரையில் 40 சென்ரிமீற்றர். ஏறத்தாழ 112,000 லீற்றர். இரண்டரை மடங்கு தண்ணீர், இரண்டரை மடங்கு உறையவைக்கும் வேலை. அதோடு விட்டாலும் பரவாயில்லை. ஐஸ் தடிக்கத் தடிக்க, அடியில் ஓடும் குளிர் மேற்பரப்புக்கு வந்து சேர்வது கஷ்டமாகும். பள்ளக்கரையில் குழாய் என்னதான் குளிர்ந்தாலும் மேல்முகம் வெயிலுக்குக் குழைந்துகொண்டே இருக்கும். மேட்டுக்கரையில் கல், பள்ளக்கரையில் களி. எவ்வளவு பெரிய மெஷின் எடுத்தாலும் இது தீராது.

ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க முன், லேசர் மட்டக்கருவி ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, மூன்று மீற்றருக்கு ஒரு புள்ளியாகத் தரையை அளந்து தாளில் எழுதுங்கள். வித்தியாசம் ஐந்து சென்ரிமீற்றருக்குள் என்றால் மணல் நிரவிச் சரிக்கட்டலாம். அதற்கு மேல் என்றால் மரச்சட்டமும் ஒட்டுப்பலகையும் வைத்து மேடை கட்டித்தான் மட்டமாக்க வேண்டும். நிறுவனத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "உங்கள் விலையில் தரை மட்டமாக்கல் அடங்குமா?" என்பதுதான். பல விலைப்பட்டியல்களில் அது அடங்காது.

தரைக்கு மேல் வருவது என்னவென்றும் தெரிந்துவைத்திருங்கள். வெப்பம் கடத்தாத காப்புப் பலகை, அதன்மேல் தண்ணீர் கசியாத தடித்த பொலித்தீன் விரிப்பு, அதன்மேல் விரல் மொத்தச் சிறு குழாய்கள் நெருக்கமாக ஓடும் பாய்கள். பாய்களின் ஒரு தலைப்பில் இரண்டு பெரிய குழாய்கள்: ஒன்று போகும் வழி, மற்றது திரும்பும் வழி. உள்ளே ஓடுவது தண்ணீரும் கிளைக்கோலும் கலந்த, உறையாத திரவம். -10, -12 பாகையில் உள்ளே போய் ஒன்றிரண்டு பாகை சூடேறித் திரும்பிவரும். இதில் எதிலீன் கிளைக்கோல், புறோப்பிலீன் கிளைக்கோல் என்று இரண்டு வகை உண்டு. எதிலீன் நஞ்சு, அதுவும் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. நாயும் குழந்தையும் நக்கிப் பார்க்கும். பிள்ளைகள் விழாவுக்குப் புறோப்பிலீன்தான் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். எதுவானாலும் ஒழுகினால் வெளியே தெரியவேண்டும் என்று நிறச்சாயம் கலந்திருப்பார்கள். ஐஸில் நிறம் தெரிந்தால் அந்தப் பாயின் வால்வை மூடிவிட்டு நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். அதைக் கழுவி மழைநீர் வடிகாலுக்குள் விடவேண்டாம்.

மெஷினை முதன்முதல் ஓடவிடும் போது நீங்கள் அவசியம் பக்கத்தில் நில்லுங்கள். தண்ணீர் விட முன், வெறும் பாயில் குளிர் ஏறும். கொஞ்ச நேரத்தில் காற்றிலுள்ள ஈரம் குழாய்களில் படிந்து பாய் முழுக்க வெள்ளை பூக்கும். அப்போது ஒரு கோடு மட்டும் வெளுக்காமல் கறுப்பாகவே நின்றால், அந்தக் குழாய்க்குள் காற்று அடைத்திருக்கிறது, திரவம் ஓடவில்லை. காற்றை அப்போதே வெளியேற்ற வேண்டும். ஐஸ் போட்ட பிறகு அந்தக் கோட்டில் பத்து நாளும் ஈரம் நிற்கும்; யாராலும் எதுவும் செய்யமுடியாது. வந்த தொழிலாளர்கள் பின்னேரமாகிவிட்டது என்று அவசரப்படுவார்கள். பாய் முழுக்க வெளுக்கும்வரை தண்ணீர்க் குழாயைத் திறக்க விடாதீர்கள்.

ஐஸ் போடுவது ஒரேயடியாகத் தண்ணீரை நிரப்பும் வேலையல்ல. முதல் சில படைகள் கோலம் போட முன் முற்றம் தெளிக்கிற மாதிரித்தான்: மெல்லிய தூவல், நடந்துகொண்டே. ஒரு படை இறுகி மினுக்கம் மங்கிய பிறகுதான் அடுத்தது. அவசரத்தில் ஒரு தடவையில் ஐந்து சென்ரிமீற்றர் தண்ணீர் விட்டால், கீழே குழாயின் குளிரில் அடி உறையும், மேலே இரவுக் குளிரில் முகம் உறையும், நடுவில் தண்ணீர் சிறைப்படும். பார்க்க அருமையான ஐஸ். முதல் ஆள் ஏறியதும் முட்டை ஓடு போல உடையும். இரவு பகலாகப் படை படையாகப் போட்டால், 10 சென்ரிமீற்றருக்கு இரண்டு மூன்று நாளாவது வேண்டும். இதற்கு நிறுவனம் கேட்கும் நாட்களில் ஒரு மணித்தியாலமும் குறைக்கச் சொல்லாதீர்கள்.

இரண்டு சென்ரிமீற்றர் உறைந்ததும் வெள்ளை நிறம் அடிப்பார்கள். செலவைக் குறைக்கலாம் என்று அதை வெட்டுகிற செயற்குழுக்கள் உண்டு. உள்ளரங்கில் வெள்ளை அழகுக்கும், ஹொக்கித் தட்டு தெரிவதற்கும். வெளியில் அது வெயிலைத் திருப்பி அனுப்புவதற்கு. குழாய்ப் பாய்கள் பெரும்பாலும் கறுப்பு. தெளிந்த ஐஸ் வழியே வெயில் நேரே பாயில் இறங்கி அடியிலிருந்து உருக்கும். ஜனவரிச் சூரியன் தாழ்ந்துதான் நிற்கும், ஆனாலும் முகிலில்லாத நண்பகலில் காற்று -3 பாகையாக இருக்கும்போதே ஐஸின் முகம் நனைந்திருப்பதைப் பார்க்கலாம். வெள்ளையை வெட்டவேண்டாம்.

இடையில் ஒரு சுவையான செய்தி. மெஷினால் உறையவைத்த முதல் சறுக்குத் தளமே ஒரு தற்காலிகக் கூடாரத்தில்தான் தொடங்கியது. 1876 ஜனவரியில் லண்டன் செல்சிப் பகுதியில் ஜோன் கம்ஜி என்பவர் செப்புக் குழாய்களைப் பரப்பி, கிளிசரினும் வேறு சில இரசாயனங்களும் கலந்த திரவத்தை ஓடவிட்டு ஐஸ் போட்டார். அவுஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து இறைச்சியைப் பழுதாகாமல் கொண்டுவர வழி தேடிய ஆராய்ச்சியின் பக்க விளைவு அது. அதற்கு முன் 1840களில் அதே நகரத்தில் பன்றிக்கொழுப்பும் உப்புகளும் கலந்து போலி ஐஸ் போட்டுப் பார்த்தார்கள். நாற்றம் தாங்காமல் ஆட்கள் வருவதை விட்டுவிட்டார்கள். கம்ஜியின் அமைப்பை உங்கள் வாகனத் தரிப்பிடத்தில் கொண்டுவந்து போட்டால் வடிவம் அடையாளம் தெரியும். திரவமும் குழாயின் பொருளும் மாறியிருக்கின்றன, வேலை அதே வேலை.

சரி, நாளாந்த வேலைக்கு வருவோம். சறுக்குகிறவர்கள் ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் ஐஸைச் சீவுகிறார்கள். அந்தத் தூள் தேங்கினால் வேகம் குறையும், விழுகிறவர்கள் கூடும். 45 அல்லது 50 நிமிடம் சறுக்கவிட்டு, 15 நிமிடம் ஆட்களை இறக்கித் தளத்தைச் சீர்செய்வது நல்ல ஒழுங்கு. உங்கள் அளவுக்கு ஒரு சுற்றில் நூறு பேருக்கு மேல் நான் விடமாட்டேன். முக்கால்வாசி முதல் தடவை ஏறுகிற பிள்ளைகளாக இருப்பார்கள் என்பதால் எண்பதோடு நிறுத்தினாலும் நல்லது.

ஸாம்போனி வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். கலிபோர்னியாவில் ஐஸ்கட்டி வியாபாரம் செய்துவந்த பிராங்க் ஸாம்போனி, 1940இல் பரமவுண்ட் நகரத்தில் சறுக்குத் தளம் திறந்தார். ஐஸைச் சீவி, அள்ளி, கழுவி, தண்ணீர் விட்டு உறையவைக்கச் சில ஆட்களுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போயிற்று. அந்த அலுப்பில்தான் 1949இல் எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் செய்யும் வண்டியைச் செய்துமுடித்தார். ஆனால் முழு அளவு வண்டி தண்ணீர் நிரம்பினால் பல தொன் நிறை. மரமேடையில் போட்ட தற்காலிகத் தளத்தில் அதை ஏற்றினால் மேடையும் போய்விடும், பாயும் போய்விடும். 450 சதுர மீற்றருக்குத் தள்ளிக்கொண்டு நடக்கும் சிறிய சீவும் இயந்திரம் போதும். அதுவும் இல்லாவிட்டால் அகலச் சவள்கள் நான்கு, தள்ளத் தொண்டர்கள் நான்கு பேர், பிறகு கையால் தண்ணீர்.

தண்ணீர் சுடுநீராக இருக்கவேண்டும், 60 பாகையளவில். குளிர்ந்த இடத்துக்குச் சுடுநீரா என்று எல்லோரும் சிரிப்பார்கள். சுடுநீரில் கரைந்த காற்று குறைவு, அதனால் தெளிவாகவும் உறுதியாகவும் உறையும்; சீவல் கோடுகளின் விளிம்பை உருக்கிப் பழைய ஐஸோடு ஒட்டவைக்கும்; உறைய முன் நன்றாகப் பரவிச் சமமாகும். கை வேலைக்குத் 'ரீ' வடிவப் பிளாஸ்ரிக் குழாயின் குறுக்குக் கையில் வரிசையாகத் துளையிட்டு, அதில் ஒரு துவாயைத் தொங்கவிட்டுப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு நடப்பார்கள். தண்ணீர் துவாயில் விழுந்து மெல்லிய படையாகப் பரவும். ஒரு மில்லிமீற்றர் படைக்கே உங்கள் தளம் 450 லீற்றர் குடிக்கும். பாதிப் படை போட்டாலும் 225. வீட்டுச் சுடுநீர்த் தாங்கி 150 முதல் 200 லீற்றர்தான் பிடிக்கும். மண்டபத்துச் சமையலறையில் எவ்வளவு சுடுநீர் கிடைக்கும், மீண்டும் சூடாக எவ்வளவு நேரம் என்று இப்போதே பாருங்கள். அன்று பொங்கலும் வடையும் செய்கிறவர்களோடு சுடுநீருக்குச் சண்டை பிடிக்க முடியாது.

ஐஸ் முகத்தின் வெப்பநிலை -4, -5 பாகையில் நின்றால் பொதுமக்கள் சறுக்க உகந்தது. கையில் பிடித்துக் குறிபார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்கி, நாலு மூலையிலும் நடுவிலும் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அளந்து எழுதுங்கள். -8க்குக் கீழே போனால் ஐஸ் கண்ணாடிபோல் தெறித்து உடையும், காசும் வீணாகும். குளிரூட்டியில் போகும் திரவத்துக்கும் திரும்பும் திரவத்துக்கும் உள்ள வித்தியாசத்தையும் பாருங்கள். அது வரவரக் கூடினால் வெயில்சுமை ஏறுகிறது, அல்லது எங்கோ ஓட்டம் குறைகிறது.

தடிப்பையும் அளக்க வேண்டும். மெல்லிய அலகு பூட்டிய ட்ரில்லால் ஐஸைத் துளைத்து, கம்பி விட்டுப் பார்ப்பதுதான் வழி. அலகில் எட்டு சென்ரிமீற்றரில் நாடா ஒட்டி, அதற்குக் கீழே போகாதபடி துளையுங்கள். அடியில் குழாய் இருக்கிறது. அடி தட்டுப்படாமல் நாடாவரைக்கும் போனால் அந்த இடத்தில் போதிய ஐஸ் உண்டு. துளையை ஐஸ்தூளும் தண்ணீரும் பிசைந்து அடைத்துவிடலாம். இரண்டு மூன்று நாள் இப்படிப் பார்த்தால் ஒரு வழக்கம் தெரியும்: கரைப் பலகையோரம் ஐஸ் ஏறிக்கொண்டே வரும், நடுவும் நுழைவாயிலும் இறங்கிக்கொண்டே போகும். சீவும் இயந்திரம் கரையைத் தொடாது, தண்ணீர் மட்டும் அங்கேயும் போகும், அதனால்தான். ஒவ்வோர் இரவும் கரையைக் கையால் செதுக்க ஒருவரை ஒதுக்குங்கள்.

எங்கள் ஊரில் ஐஸ் தளத்துக்குப் பெரிய எதிரி வெயிலல்ல, உப்பு. இங்கே மாரியில் வாகனத் தரிப்பிடமெல்லாம் உப்புத் தூவுவார்கள். சப்பாத்தில் ஒட்டி வரும் உப்பு ஐஸில் விழுந்த இடத்தில் புழுத்த மாதிரிக் குழி விழும். அடுத்த தண்ணீரில் கரைந்து சுற்றுவட்டாரத்தையும் இளக்கும். மண்டபத்துக்கு உப்புத் தூவும் ஒப்பந்தக்காரரிடம், தளத்தைச் சுற்றிப் பத்து மீற்றருக்குள் உப்பு வேண்டாம், மணல் போடுங்கள் என்று இப்போதே எழுதிக் கொடுங்கள். நுழைவாயிலில் றப்பர் விரிப்பு நீளமாகப் போட்டு, ஸ்கேற்ஸ் போடாத கால் எதுவும் ஐஸில் படாமல் ஒருவர் காவல் நிற்கவேண்டும். படம் எடுக்க வரும் பெற்றோர்தான் முக்கியமாகக் கவனிக்கப்பட வேண்டியவர்கள். அதோடு கொண்டையூசி, சேலையில் குத்திய ஊக்கு, உதிர்ந்த பூ. கறுத்த பொருள் எது விழுந்தாலும் வெயிலில் சூடேறி ஐஸுக்குள் இறங்கிவிடும்; இரவில் மேலே தண்ணீர் விட்டால் உள்ளே புதைந்து, அடுத்த நாள் ஒருவருடைய ஸ்கேற்ஸ் அலகைத் தட்டும்.

மழைக்கு ஒரு வழிதான் உண்டு. ஆட்களை இறக்கி, சறுக்கலை நிறுத்தி, குளிரூட்டியை முழு வேகத்தில் ஓடவிட்டு, தேங்கும் தண்ணீரை றப்பர்த் தள்ளியால் பள்ளமான மூலைக்குத் தள்ளி உறிஞ்சு பம்ப்பால் வெளியே எடுங்கள். அப்படியே உறையட்டும் என்று விட்டால் மேடும் பள்ளமுமாக உறையும். அதைச் சீவிச் சமப்படுத்த அடுத்த நாள் முழுக்கப் போகும். பனி கொட்டினால் உடனே தள்ளுங்கள். ஐஸின் மேல் பனி ஒரு போர்வை. அதற்கு மேல் தண்ணீர் விட்டால் வெள்ளையாக, பொருபொருத்து, பலமில்லாமல் உறையும். காற்றும் ஈரமும் சேர்ந்து வரும் இளஞ்சூட்டு நாள் மழையைவிட மோசம். அப்படியொரு நாள் முன்னறிவிப்பில் தெரிந்தால் முதல்நாள் இரவே நிகழ்ச்சியைப் பின்னேரத்துக்கு மாற்றிவிடுங்கள், பகலில் தளத்தை வெள்ளை விரிப்பால் மூடிவையுங்கள்.

மழைக்குப் பயந்து கூடாரம் அடிக்கலாமா என்று உங்களில் யாராவது யோசிப்பார்கள். அடிக்கலாம். ஆனால் கூடாரத்துக்குள் பெற்றோலிலோ புறொப்பேனிலோ ஓடும் சீவும் இயந்திரத்தைக் கொண்டுபோகாதீர்கள். காபனோரொட்சைட்டு மணமில்லாத நஞ்சு. ஐஸுக்கு மேல் இருக்கும் குளிர்ந்த காற்று அசையாமல் கிடப்பதால் புகை அங்கேயே தங்கும். பிள்ளைகள் சறுக்கி மூச்சிரைப்பதும் அந்த உயரத்தில்தான். மூடிய இடமென்றால் மின்கல இயந்திரம் மட்டும்.

மின்சாரம்: இந்த அளவுக் குளிரூட்டிகள் இங்கே பெரும்பாலும் 600 வோல்ற்று, மும்முனை மின்சாரத்தில் ஓடும். உங்கள் மண்டபத்தில் அது இல்லாவிட்டால் மின்பிறப்பாக்கி எடுக்கவேண்டும். இணைப்புக்கு ஒன்ராறியோ மின்பாதுகாப்பு அதிகாரசபையின் பரிசோதனை தேவை. மின்பிறப்பாக்கி இரவெல்லாம் இரையும். பக்கத்து வீடுகளுக்கு முன்கூட்டியே ஒரு கடிதமும், முடிந்தால் பொங்கலும் கொடுங்கள்.

இனி இரவு ஆள். நல்ல ஐஸ் இரவு பத்து மணிக்கும் காலை ஆறு மணிக்கும் இடையில்தான் பிறக்கிறது. வெயில் இல்லை, ஆட்கள் இல்லை. சீவி, குழி அடைத்து, மூன்று நான்கு மெல்லிய படை போடலாம். பம்ப் நின்றாலும் எரிபொருள் தீர்ந்தாலும் இரவில்தான் நடக்கும். காலையில் வந்து பார்க்கும்போது தளம் வியர்த்திருக்கும். தொண்டர் பட்டியலில் பகலுக்கு முப்பது பேர் பெயர் கொடுப்பார்கள், இரவுக்கு ஒருவரும் கொடுக்கமாட்டார்கள். இந்தப் பத்து இரவுக்கும் ஐஸ் வேலை தெரிந்த ஒருவரைச் சம்பளத்துக்குப் பிடியுங்கள். பெரிய மெஷினுக்குக் கொடுக்க நினைத்த காசில் இது அடங்கும். உள்ளூர் உள்ளரங்குகளில் வேலை செய்யும் இளைஞர்கள் விசாரித்தால் கிடைப்பார்கள்.

பிளாஸ்ரிக் தளம் மலிவுதான். அடர்ந்த பொலித்தீன் பலகைகளைக் கோத்துப் போடுவார்கள். மின்சாரமும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். ஆனால் வழுக்கல் குறைவு, கால் சீக்கிரம் களைக்கும், ஸ்கேற்ஸின் கூர் விரைவில் மழுங்கும். ஐஸ் என்று சொல்லி அழைத்துவிட்டு அதைக் காட்டினால் கனடாவில் பிறந்த பிள்ளை ஒரு சுற்றிலேயே கண்டுபிடித்துவிடும். அரைநாள் விழாவில் நான்கைந்து வயதுக் குழந்தைகளுக்கு ஒரு மூலை போட நல்லது. பத்து நாளுக்கு வேண்டாம்.

கழற்றும்போதும் 45 தொன் ஐஸ் எங்கோ போகத்தான் வேண்டும். குளிரூட்டியை நிறுத்தி, இளஞ்சூட்டுத் திரவத்தை ஓடவிட்டால் பாயிலிருந்து ஐஸ் விடுபடும். பிறகு உடைத்து அள்ளலாம். அவசரத்துக்குக் கோடரி போட்டால் பாய்க்கும் சேர்த்துப் பணம் கட்டுவீர்கள். இரண்டு நாள் ஒதுக்கி, உடைத்த ஐஸ் குவிக்கும் இடத்தை உரிமையாளரோடு முன்பே பேசி வையுங்கள்.

முடிவாக என்ன செய்யலாம் என்றால்: தரையை அளந்து வித்தியாசம் ஐந்து சென்ரிமீற்றருக்குள் நின்று, அல்லது மேடை கட்டி மட்டமாக்க முடிந்து, இரவுக்குச் சம்பள ஆளும் கிடைத்தால் பத்து நாள் போடுங்கள். நிறுவனம் சொல்லும் அளவு மெஷினே போதும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் இந்த வருடம் விட்டுவிடுங்கள். ரொறன்ரோ மாநகரசபையிடம் மட்டும் ஐம்பதுக்கு மேற்பட்ட செயற்கைக் குளிரூட்டல் வெளித்தளங்கள் இருக்கின்றன. அருகிலுள்ள நகரசபையிடம் விண்ணப்பித்து ஒரு தளத்தை இரண்டு பின்னேரம் எடுத்தால், ஐஸ் அவர்கள் பாடு, பொங்கல் உங்கள் பாடு.

கேள்வி: எங்கள் வீட்டுப் பின்வளவில் 6 மீற்றருக்கு 12 மீற்றர் இடம் இருக்கிறது. மெஷின் இல்லாமல் பிள்ளைகளுக்கு ஐஸ் போடலாமா? அல்லது குடியிருப்புக்குப் பின்னாலுள்ள மழைநீர்க் குளம் நன்றாக உறைந்து கிடக்கிறது, அதிலேயே விளையாட விடலாமா? – ஒரு தாய், பிறம்ரன்

பதில்: பின்வளவில் தாராளமாகப் போடலாம். ஹொக்கி வீரர் வெய்ன் கிறெற்ஸ்கி தன் தந்தை பிரான்ற்ஃபோர்ட் வீட்டு வளவில் போட்ட ஐஸில்தான் பழகினார். சுற்றிவரப் பலகை அடித்து, வெள்ளைப் பொலித்தீன் விரியுங்கள். நீலத் தார்ப்பாய் வேண்டாம், வெயிலை இழுக்கும். பொலித்தீன் போட்ட தளத்தை இங்கே படை படையாக அல்ல, ஒரே தடவையில் நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீருக்குமுன் காற்று பொலித்தீனைக் கிழித்துவிடும். உங்கள் அளவுக்கு 10 சென்ரிமீற்றர் என்றால் 7,200 லீற்றர். மூன்று நான்கு நாள் தொடர்ந்து பகலிலும் பூச்சியத்துக்குக் கீழே என்று முன்னறிவிப்பு வந்தபின் நிரப்புங்கள், அடிவரை உறையுமட்டும் யாரையும் ஏறவிடாதீர்கள். ஒவ்வொரு தடவை தண்ணீர் விட்டதும் குழாயை வடித்து வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். வெளியில் கிடந்தால் அடுத்த நாள் அது ஐஸ் கம்பி.

மழைநீர்க் குளத்தில் வேண்டாம். தெருவில் தூவிய உப்பெல்லாம் வடிகால் வழியாக அங்கேதான் வந்து சேர்கிறது. உப்புக் கலந்த தண்ணீரின் ஐஸ் பலமற்றது. உருகல் வந்தால் உள்ளே தண்ணீர் மட்டம் ஏறி இறங்கும், ஐஸுக்குக் கீழே வெற்றிடம் விழும். குழாய் வந்து விழும் வாயருகே பெரும் குளிரிலும் ஓட்டம் இருக்கும். மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. கரையில் நகரசபை வைத்திருக்கும் எச்சரிக்கைப் பலகையைப் பிள்ளைகளுக்கு ஒரு தடவை கூட்டிக்கொண்டுபோய்க் காட்டி, அதற்கு அப்பால் கால் வைக்கக்கூடாது என்று சொல்லிவையுங்கள்.